பாசி எடுக்கும் பெண்களுக்காக சபையில் ஒரு எழுத்து மூலக் கேள்வி

பாம்பன் பக்கமிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். அவருடைய அம்மா மன்னார் வளைகுடாத் தீவுகளை ஒட்டிய கடலில் மரிக்கொழுந்துப் பாசி எடுப்பவர். மீனவ மகளிருக்கான சேமிப்பு நிவாரணப் பணம் (அவர்கள் சேமிப்பதோடு அரசு சேர்த்துத் தருவது) ஊரில் சிலருக்கு வருகிறது, பாசிக்குப் போகும் பலருக்கு வரவில்லை. அலுவலகத்தில் விசாரித்தால் "மேலே அனுப்பியிருக்கோம்" என்ற பதில்தான். சங்கத்துப் பெண்கள் சட்டமன்ற உறுப்பினரையும் நாடாளுமன்ற உறுப்பினரையும் பார்த்து மனு கொடுக்கப் போகிறார்கள். "அவங்க சபையில எழுத்து மூலமா கேள்வி கேட்டா துறை நிஜமாவே பதில் சொல்லியாகணுமா, இல்ல அதுவும் ஒரு காகிதமா போயிருமா?" என்று கேட்கிறார்.

பதில் சொல்லியாக வேண்டும். ஆனால் என்ன பதில் வரும் என்பது கேள்வியை எப்படி எழுதுகிறோம் என்பதைப் பொறுத்தது. நான் இந்த மாவட்டத்தில் ஒரு அரசுத் துறை அலுவலகத்தில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்து, கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவன். சட்டமன்றக் கேள்விகளுக்கு மாவட்டத்திலிருந்து போகும் பதில்களை எழுதிய கை இது. அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவன் என்பதால், எந்தக் கேள்வி எங்களை உலுக்கும், எந்தக் கேள்வி வந்தால் பத்து நிமிடத்தில் முடித்துவிட்டு டீ குடிக்கப் போவோம் என்று எனக்குத் தெரியும்.

முதலில் அது எப்படி வருகிறது என்று பாருங்கள். அலுவலகத்தில் அதற்குப் பெயர் எல்.ஏ.கியூ., அதாவது சட்டமன்றக் கேள்வி. சென்னை இயக்குநரகத்திலிருந்து பெரும்பாலும் மாலை நாலு மணிக்கு மேல்தான் தொலைபேசி வரும். "எல்.ஏ.கியூ. அனுப்பியிருக்கோம், நாளை காலை பத்து மணிக்குள் விவரம் வேண்டும்" என்பார்கள். அவ்வளவுதான், வீட்டுக்குக் கிளம்பியவர்கள் திரும்பி வருவார்கள். சாதாரண மனு ஒன்று மேசையில் ஆறு மாதம் கிடக்கலாம். எல்.ஏ.கியூ. ஒரு ராத்திரிகூடக் கிடக்காது. காரணம் ஒன்றே ஒன்று. அந்தப் பதில் அமைச்சர் பெயரில் சபையில் வைக்கப்படும். அதில் தெரிந்தே தப்பான தகவல் இருந்தால் சபையின் உரிமையை மீறியதாகப் பிரச்சினை எழும். ஆகவே அமைச்சர் செயலாளரைக் கேட்பார், செயலாளர் இயக்குநரைக் கேட்பார், இயக்குநர் எங்களைக் கேட்பார். கடைசியில் பதிவேட்டைத் திறந்து எண்ணிக்கை எடுப்பது பிரிவு எழுத்தர்தான்.

இந்த உரிமை நம்ம நாட்டுக்கு வந்த கதை எனக்கு மிகவும் பிடித்தது. ஆங்கிலேயர் காலத்தில், 1892 சட்டத்தில்தான் கவர்னர் ஜெனரலின் சட்டசபை உறுப்பினர்களுக்குக் கேள்வி கேட்கும் உரிமை கிடைத்தது. 1893 பிப்ரவரி 16 அன்று பிங்கா மன்னர் முதல் கேள்வியைக் கேட்டார். எதைப் பற்றி? சுற்றுப்பயணம் வரும் அரசு அதிகாரிகளுக்குச் சாமான் கொடுத்தே கிராமத்துக் கடைக்காரர்கள் நொடித்துப் போவதைப் பற்றி. முதல் கேள்வியே ஊர்க்கடைக்காரனுக்காக எழுந்தது. பாசி எடுக்கும் பெண்களுக்காகக் கேட்டால் பெரிய சபையில் எடுபடுமா என்று தயங்க வேண்டியதில்லை. கிடைத்த பதிலின் மேல் துணைக் கேள்வி கேட்கும் உரிமை பிறகு 1909இல் வந்தது, அதுவும் முதலில் கேள்வி கேட்டவருக்கு மட்டும்.

சுதந்திரத்துக்குப் பிறகு நடந்ததில் பெரியது முந்த்ரா விவகாரம். எல்.ஐ.சி. பணத்தை முந்த்ரா என்ற தொழிலதிபரின் நிறுவனப் பங்குகளில் போட்டதைப் பற்றி 1957இல் மக்களவையில் கேள்விகள் எழுந்தன. கிடைத்த பதில்களை விடாமல் பிடித்துக்கொண்டு மக்களவை உறுப்பினர் பெரோஸ் காந்தி துருவினார். விசாரிக்க சாக்ளா ஆணையம் அமைந்தது. 1958 பிப்ரவரியில் நிதி அமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். நம்ம ஊர்க்காரர், பெரிய மூளை. அவரையே அசைத்தது, கேள்வியில் தொடங்கிய ஒரு நூல்.

சரி, நடைமுறைக்கு வருவோம். நாடாளுமன்றத்தில் இரண்டு வகைக் கேள்விகள் முக்கியம். நட்சத்திரக் குறியிட்ட கேள்விக்கு அமைச்சர் எழுந்து வாயால் பதில் சொல்வார், துணைக் கேள்வி கேட்கலாம். மக்களவையில் ஒரு நாளைக்கு 20 கேள்விகள்தான் அந்தப் பட்டியலில் வரும். அதிலும் கேள்வி நேரம் என்ற அந்த ஒரு மணி நேரத்துக்குள் ஏழெட்டுக்கு வாய் திறந்து பதில் வந்தால் பெரிது. நட்சத்திரக் குறியில்லாத கேள்விக்கு எழுத்து மூலம் மட்டுமே பதில். அது நாளொன்றுக்கு 230 வரை உண்டு. பலர் நட்சத்திரம் இருந்தால்தான் மதிப்பு என்று நினைக்கிறார்கள். நம்ம மாதிரி மாவட்டத்து விஷயத்துக்கு எழுத்து மூலக் கேள்வியே மேல் என்பது என் முடிவு. வாயால் வரும் பதிலில் பேச்சுத்திறமை ஜெயித்துவிடும். எழுத்துப் பதிலில் அட்டவணை வரும், ஊர் வாரியாக, ஆண்டு வாரியாக. அது நிலைத்து நிற்கும். ஒரே குறை, உடனே மடக்கித் துணைக் கேள்வி கேட்க முடியாது. அடுத்த கூட்டத்தொடர் வரை காத்திருக்க வேண்டும்.

எழுத்து மூலக் கேள்விகளின் அருமை 2020இல் தெரிந்தது. கொரோனா காலத்தில் அந்த ஆண்டு செப்டம்பர் கூட்டத்தொடரில் கேள்வி நேரத்தையே எடுத்துவிட்டார்கள். எழுத்துக் கேள்விகள் மட்டும் தொடர்ந்தன. ஊரடங்கில் சொந்த ஊருக்குத் திரும்பும் வழியில் எத்தனை புலம்பெயர்ந்த தொழிலாளர்கள் இறந்தார்கள் என்று கேட்டதற்கு, தொழிலாளர் அமைச்சகம் அப்படி ஒரு புள்ளிவிவரமே வைத்துக்கொள்ளப்படவில்லை என்றது. சில நாளிலேயே மாநிலங்களவையில் ரயில்வே அமைச்சகத்திடமிருந்து வேறு பதில் வந்தது. அந்தத் தொழிலாளர்களுக்காக விட்ட ஷ்ரமிக் சிறப்பு ரயில்களில் பயணம் செய்தபோது செப்டம்பர் 9 வரை 97 பேர் இறந்திருக்கிறார்கள். துயரம் ஒன்றுதான். ஒரு துறையிடம் கேட்டால் கணக்கே இல்லை, இன்னொரு துறையிடம் கேட்டால் எண் வருகிறது. எந்தத் துறையின் பதிவேட்டில் அந்தச் சாவு எழுதப்படும் என்று யோசித்து, அங்கே கேட்டார்கள். ரயிலில் ஒருவர் இறந்தால் போலீஸ் வழக்குப் பதியாமல் இருக்க முடியாது. தங்கச்சி, நான் சொல்ல வந்ததில் பாதி இந்த ஒரு உதாரணத்திலேயே இருக்கிறது.

மீதிப் பாதிக்கு என் சொந்த அனுபவத்தைச் சொல்கிறேன். எந்தத் துறை, எந்த ஊர் என்று சொல்ல மாட்டேன். கடற்கரை ஊர் ஒன்றில் ஒரு கட்டுமான வேலைக்குப் பணம் ஒதுக்கி ரொம்ப நாளாகியிருந்தது. ஒரு உறுப்பினர் சட்டமன்றத்தில், "அந்தப் பணியை விரைந்து முடிக்க அரசு என்ன நடவடிக்கை எடுத்துள்ளது?" என்று கேட்டார். நான்தான் வரைவு எழுதினேன். "பணி முன்னேற்றத்தில் உள்ளது. விரைவில் முடிக்க நடவடிக்கை மேற்கொள்ளப்பட்டு வருகிறது." இரண்டு வரி. மேலிருந்து கீழ் வரை எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். அங்கே ஒரு கல்கூட நட்டிருக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உறுத்துகிறது.

அடுத்த தடவை வேறொரு கேள்வி வந்தது. "பணி ஆணை வழங்கிய தேதி என்ன? ஒப்பந்ததாரரிடம் இடம் ஒப்படைத்த தேதி என்ன? இதுவரை கொடுத்த தொகை எவ்வளவு? அளவுப் புத்தகத்தில் கடைசியாகப் பதிவு செய்த தேதி என்ன?" இதை எழுதிக் கொடுத்தவர் அந்த ஊரிலேயே கொத்தனார் வேலை பார்த்த ஒருவர் என்று பிறகு கேள்விப்பட்டேன். முடிந்த வேலையை அளந்து எழுதும் பதிவேடுதான் அளவுப் புத்தகம். அந்தச் சொல்லைப் பார்த்ததும் எங்கள் பொறியாளர் முகம் மாறிவிட்டது. மறுநாள் விடியற்காலையில் ஜீப்பில் நானும் அவரும் போனோம். கடற்கரையில் பத்துப் பதினைந்து சிமெண்ட் மூட்டைகள் அடுக்கிக் கிடந்தன. உப்புக்காற்றில் கல்லாக இறுகி, சாக்கு உரிந்து, மூட்டையின் தையல் தடம் கல்லில் அப்படியே பதிந்திருந்தது. மேலே ஒரு வெள்ளாடு படுத்திருந்தது. பொறியாளர் ஒரு வார்த்தை பேசவில்லை. அன்று மாலையே ஒப்பந்ததாரருக்கு நோட்டீஸ் போனது. இரண்டு மாதத்தில் வேலை தொடங்கியது.

கேள்வி கேட்டவர்கள் இரண்டு பேருமே நல்லவர்கள்தான். முதலாமவர் "என்ன நடவடிக்கை" என்று கேட்டார், அதற்கு வார்த்தையால் பதில் சொல்ல முடிந்தது. இரண்டாமவர் தேதி கேட்டார். தேதிக்குத் தேதிதான் பதில். இல்லையென்றால் "இல்லை" என்று எழுத வேண்டும், அதை எழுத யாருக்கும் மனம் வராது.

பணத்தைப் பற்றிக் கேட்கும்போது இன்னும் கவனம் வேண்டும். ஒதுக்கீடு, விடுவிப்பு, செலவு என்று மூன்று தொகைகள் உண்டு. மூன்றும் வேறு வேறு. நம்ம வளமாவூரில் பல்நோக்குக் கடற்பாசிப் பூங்காவுக்கு ரூ.127.71 கோடி என்று அறிவித்தார்கள். பத்திரிகையில் வந்தது அந்த எண்தான். உங்கள் உறுப்பினர் கேட்க வேண்டியது, அதில் எந்தெந்தத் தேதியில் எவ்வளவு விடுவிக்கப்பட்டது, எந்தெந்த வேலைக்கு எவ்வளவு செலவானது, அதன் மூலம் எந்த ஊர்ப் பெண்கள் எத்தனை பேருக்கு விதைப்பாசியும் பயிற்சியும் கிடைத்தது என்பதை. இந்த மாதிரிப் பிரித்துக் கேட்டால் கோடிக்கணக்கு என்ற பெரிய சொல்லுக்குள் எதையும் ஒளித்து வைக்க முடியாது.

ஆழ்கடல் மீன்பிடிப் படகுத் திட்டத்துக்கும் இதே கதைதான். 2017இல் பாக் நீரிணையின் இழுவைப் படகுகளுக்கு மாற்றாக, மூன்று ஆண்டில் 2,000 படகுகள் என்று இலக்கு வைத்தார்கள். ஒரு படகுக்கு ரூ.80 லட்சம். மத்திய அரசு 40, மாநில அரசு 16, வங்கிக் கடன் 16, மீனவர் பங்கு 8. "திட்டத்தின் முன்னேற்றம் என்ன?" என்று கேட்டால் ஒப்புதல் கொடுத்த எண்ணிக்கையைச் சொல்லி முடித்துவிடலாம். விண்ணப்பித்தவர் எத்தனை, வங்கி கடன் கொடுத்தது எத்தனை பேருக்கு, கடலில் இறங்கிய படகு எத்தனை, அதில் இன்றும் ஆழ்கடலுக்குப் போவது எத்தனை என்று படிப்படியாகக் கேட்டால், எந்தப் படியில் ஆள் குறைகிறது என்று ராமேஸ்வரம் துறைமுகத்தில் நிற்கும் எவருக்கும் விளங்கிவிடும். இலங்கைச் சிறையில் இருக்கும் நம்ம ஆட்களைப் பற்றியும் அப்படித்தான். 2025 மார்ச் 27 அன்று மாநிலங்களவையில் வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கர் பிரித்துச் சொன்னார். தண்டனை அனுபவிப்பவர்கள் 83, விசாரணைக்குக் காத்திருப்பவர்கள் 3, அன்றே பிடிபட்டவர்கள் 11. வகை பிரித்த எண் வந்தால்தான் யாருக்கு வக்கீல் வேண்டும், யாருக்கு மேல்முறையீடு வேண்டும் என்று குடும்பங்கள் யோசிக்க முடியும்.

எந்தச் சபையில் கேட்பது என்பதில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். சேமிப்பு நிவாரணம் மாநில மீன்வளத் துறை சார்ந்தது, ஆகவே சட்டமன்றம். நாடாளுமன்றத்தில் கேட்டால் இது மாநில அரசின் பொருள் என்று ஒரு வரியில் திருப்பிவிடுவார்கள், ஒரு கூட்டத்தொடர் வீணாகும். கடற்பாசிப் பூங்காவுக்கான மத்தியப் பணம் என்றால் நாடாளுமன்றம். தீவுப் பக்கம் போன பெண்களை வனத்துறை தடுத்தது, வள்ளத்தைப் பிடித்து வைத்தது என்றால் திரும்பவும் சட்டமன்றம், ஏனென்றால் 1986இல் அறிவித்த தேசியப் பூங்காவின் 21 தீவுகளையும் காவல் காப்பது மாநில வனத்துறை. இன்னொன்று, அமைச்சராக இருப்பவர் சபையில் கேள்வி கேட்க முடியாது. உங்கள் உறுப்பினர் அமைச்சராக இருந்தால் பக்கத்துத் தொகுதிக்காரரிடம் போங்கள். இந்த மாவட்டத்தில் நான்கு சட்டமன்றத் தொகுதிகள் உண்டு. உங்கள் விஷயத்தைக் கேட்க உங்கள் தொகுதிக்காரராகத்தான் இருக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை.

நேரமும் முக்கியம். மக்களவையில் கேள்விக்குக் குறைந்தது 15 முழு நாள் முன்னறிவிப்பு வேண்டும். ஒவ்வொரு அமைச்சகத்துக்கும் வாரத்தில் ஒரு நாள் ஒதுக்கியிருப்பார்கள். நிறைய கேள்விகள் வந்தால் குலுக்கல். கூட்டத்தொடர் தொடங்கிய பிறகு மனுவோடு ஓடினால் பிரயோஜனம் இல்லை, ஒரு மாதமாவது முன்னால் கையில் கொடுத்துவிட வேண்டும். கேள்வி 150 சொற்களுக்குள் இருக்க வேண்டும். அதில் வாதம், குற்றச்சாட்டு, கேலி, அபிப்பிராயம் எதுவும் கூடாது. நீதிமன்றத்தில் நிலுவையில் உள்ள விஷயம் கூடாது. நீங்கள் மனுவில் "அதிகாரிகளின் அலட்சியத்தால்" என்று எழுதினால் அந்த வரி வெட்டுப்படும், சில சமயம் கேள்வியே போய்விடும். கோபம் எனக்குப் புரிகிறது. அதை மனுவில் எழுதுங்கள், கேள்வியில் எண் மட்டும் இருக்கட்டும்.

உங்களுக்காக ஒரு வரைவு. "(அ) ராமநாதபுரம் மாவட்டத்தில் கடற்பாசி சேகரிக்கும் பெண்களில் மீனவ மகளிர் கூட்டுறவுச் சங்கங்களில் உறுப்பினர்களாக உள்ளவர்கள் எத்தனை பேர், ஊர் வாரியாக, (ஆ) அவர்களில் கடந்த 3 ஆண்டுகளில் சேமிப்பு நிவாரணம் பெற்றவர்கள் எத்தனை பேர், ஆண்டு வாரியாக, (இ) விண்ணப்பித்து நிராகரிக்கப்பட்டவர்கள் எத்தனை பேர், காரணம் வாரியாக, (ஈ) முடிவெடுக்காமல் நிலுவையில் உள்ள விண்ணப்பங்கள் எத்தனை, அவற்றில் மிகப் பழைய விண்ணப்பத்தின் தேதி என்ன?" கடைசி வரியை மட்டும் யார் சொன்னாலும் எடுத்துவிடாதீர்கள். மிகப் பழைய விண்ணப்பத்தின் தேதியைச் சபையில் எழுதிக் கொடுக்க வேண்டும் என்றால், அந்த விண்ணப்பம் அதற்குள் தீர்ந்துவிடும். பிறகு அதற்கு அடுத்தது மிகப் பழையது ஆகிவிடும், அதையும் தீர்ப்பார்கள். நான் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தவர்களுக்கு இது தெரியும்.

இந்தத் திட்டத்தில் ஒரு பெண் ரூ.1,500 சேமித்தால் அரசு ரூ.3,000 சேர்த்து ரூ.4,500 ஆகத் தருகிறது. வெளியூர்க்காரர்களுக்குச் சின்னத் தொகையாகத் தோன்றலாம். விரலில் துணி சுற்றிக்கொண்டு, இடுப்பளவு தண்ணீரில் பாறையைத் தடவித் தடவிப் பாசி பிடுங்கி, மாலையில் அந்தத் துணியை அவிழ்க்கும்போது தோலும் சேர்ந்து வருவதைப் பார்த்தவர்களுக்கு அந்த மூவாயிரம் என்னவென்று தெரியும்.

பதில் வந்த பிறகு என்ன செய்வது? அதை வாங்கி வரி வரியாகப் படியுங்கள். நாடாளுமன்றப் பதில்கள் சன்சத் என்ற நாடாளுமன்ற இணையதளத்தில் தேதி வாரியாகக் கிடைக்கும். "தகவல் சேகரிக்கப்பட்டு வருகிறது, அவையில் வைக்கப்படும்" என்று இருந்தால் மனம் தளர வேண்டாம், அது உங்களுக்குச் சாதகம். அது உறுதிமொழி என்று கணக்கில் ஏறும். அரசு உறுதிமொழிக் குழு அதைத் துரத்தும். மக்களவை நடைமுறையில் மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும், முடியாவிட்டால் துறையே குழுவிடம் கால நீட்டிப்புக் கேட்டு நிற்க வேண்டும். நம்ம சட்டமன்றத்திலும் உறுதிமொழிக் குழு உண்டு, அது மாவட்டங்களுக்கு நேரில் ஆய்வுக்கும் வரும். குழு ராமநாதபுரம் வருகிறது என்று தெரிந்தால் உங்கள் தாளோடு போய் நில்லுங்கள். "பரிசீலனையில் உள்ளது" என்று வந்தால் மட்டும் கவனம், அந்தச் சொல்லில் பிடிமானம் கம்மி. யாருடைய பரிசீலனையில், எந்தத் தேதியிலிருந்து என்று அடுத்த கூட்டத்தில் கேட்கச் சொல்லுங்கள்.

பதிலில் இருக்கும் எண் உங்கள் ஊர் நிலவரத்தோடு ஒத்துப் போகவில்லை என்றால் தகவல் உரிமைச் சட்டத்தைக் கையில் எடுக்கலாம். பத்து ரூபாய், 30 நாள். அதிலும் மறுபடி அதே கேள்வியைக் கேட்காதீர்கள். "இந்தச் சட்டமன்றக் கேள்விக்காக மாவட்ட அலுவலகம் அனுப்பிய விவரங்களின் நகல் வேண்டும்" என்று கேளுங்கள். மாவட்டத்திலிருந்து போனது ஒன்று, சபையில் வந்தது இன்னொன்று என்று சில சமயம் இருக்கும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து உறுப்பினரிடம் கொடுத்தால் அவருக்கு அடுத்த கேள்வி தானாகக் கிடைத்துவிடும்.

உறுப்பினர்களைக் குறை சொல்லிப் பலர் பேசுவார்கள். என் அனுபவத்தில் அவர்களில் நிறையப் பேருக்குக் கேட்க மனம் இருக்கிறது. என்ன கேட்பது என்று கரையிலிருந்து சொல்லத்தான் ஆள் இல்லை. அவர்களோடு இருக்கும் உதவியாளர் ஒருவர், நூறு மனுவுக்கு நடுவில், உங்கள் நாலு பக்க மனுவைப் படித்துக் கேள்வியாக மாற்ற வேண்டும். நீங்களே கேள்வியாக எழுதி, எந்தத் துறை என்று மேலே குறிப்பிட்டு, ஒரே தாளில் கொடுத்தால் அது அப்படியே பேரவைச் செயலகத்துக்குப் போகும்.

அதற்கு முன்னால் உங்கள் பக்கத்துக் கணக்கு உங்களிடம் இருக்க வேண்டும். பாசிக்குப் போகாத ஒரு நாள் பார்த்து எல்லோரையும் சங்கத்தில் உட்கார வையுங்கள். ஒரு நோட்டில் ஒவ்வொருவரின் பெயர், சங்க உறுப்பினர் எண், பணம் கட்டிய மாதங்கள், விண்ணப்பம் கொடுத்த தேதி, வாங்கிய ரசீது இருக்கிறதா இல்லையா என்று எழுதுங்கள். ரசீது இல்லாதவர்களைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள், அவர்களுக்கு வேறு வழி பார்ப்போம். அம்மாவிலிருந்து தொடங்குங்கள். எழுதி முடித்ததும் அந்தப் பக்கங்களைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள், கேள்வியை ஊர் வாரியாகத் திருத்தித் தருகிறேன்.